திரை கலங்கினால் கணினி கெட்டுவிட்டதா?

திங்கட்கிழமை முதல் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கணினி ஆய்வகத்திற்குள் நுழைந்து ஆளுக்கொரு கணினியை இயக்குகிறார்கள். ஐந்தாவது மேசையிலிருந்து ஒரு குரல்: “சார், இது கெட்டுப்போச்சு சார். கோடு கோடா வருது.” போய்ப் பார்த்தால் திரையின் மேல்பாதி முழுவதும் பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள். எழுத்துகள் சாய்ந்து கிடக்கின்றன. சுட்டியை நகர்த்தினால் அது போகும் வழியெல்லாம் சதுரம் சதுரமாகத் தடம். அதற்குள் எட்டாவது மேசையிலிருந்தும் அதே புகார். வெள்ளிக்கிழமை மாலை வரை இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன.

இப்படி ஒரு நிலையில் நம்மில் பலர் செய்வது என்ன? கணினியை அணைத்து மீண்டும் இயக்குவோம். கம்பியைக் கழற்றி மாட்டுவோம். அப்போதும் சரியாகவில்லை என்றால் ‘பழுது’ என்று ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிடுவோம். நானும் அதைச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் இதே அறிகுறியுடன் நின்ற ஒரு கணினியைப் பழுது என்று முடிவு செய்து இருப்பறையில் வைத்துவிட்டேன். ஒரு கல்வியாண்டு முழுவதும் அது அங்கேயே இருந்தது. அந்த ஆண்டு மூன்று மாணவர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் ஒரு நாள் அதை எடுத்துப் பழைய கெர்னலில் இயக்கிப் பார்த்தபோது திரை பளிச்சென்று வந்தது. கணினியில் எந்தப் பழுதும் இருந்திருக்கவில்லை. நான் கேட்கத் தவறிய ஒரே கேள்வி: “நேற்று நன்றாக இருந்ததற்கும் இன்று கெட்டதற்கும் இடையே எது மாறியது?”

இயக்க அமைப்பைப் புதுப்பித்த பிறகு திரை கலங்குவது லினக்ஸ் பயன்படுத்தும் எவரும் எப்போதாவது சந்திக்கக் கூடியது. அதன் காரணத்தைத் தேடும் வழியைக் கணினி ஆசிரியர் அல்லாதவரும் பின்பற்ற முடியும். திருப்புளி தேவையில்லை, பணமும் தேவையில்லை. வரிசையாகச் சில சோதனைகளும் அவற்றைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும் போதும்.

ஒரு படம் திரைக்கு வரும் வழி

இயக்க அமைப்பின் மையப் பகுதிதான் கெர்னல். நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை என எல்லா வன்பொருளோடும் நேரடியாகப் பேசுவது அது. நாம் பயன்படுத்தும் உலாவியோ எழுத்துச் செயலியோ திரையைத் தானாகத் தொடுவதில்லை. வரைய வேண்டியதை நினைவகத்தில் வரைகின்றன. அந்த நினைவகப் பகுதியை வரிசை வரிசையாகப் படித்துத் திரைக்கு அனுப்பும் வேலையைக் கிராபிக்ஸ் சில்லு செய்கிறது. அந்தச் சில்லுக்குக் கட்டளையிடும் மென்பொருள் ‘டிரைவர்’. லினக்ஸில் இந்த டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் கெர்னல் மாறினால் திரையின் டிரைவரும் மாறிவிடுகிறது.

இதில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். பள்ளிகளில் பரவலாக உள்ள மடிக்கணினித் திரையில் 1366 நெடுவரிசைகள், 768 கிடைவரிசைகள். மொத்தம் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட்டுகள் என்றால் ஒரு முழுத் திரைக்கு 41,96,352 பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 4 மெகாபைட். திரை ஒரு வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு வினாடியும் சுமார் 250 மெகாபைட் தரவு தடையின்றி ஓட வேண்டும். ஓடுவதோடு, ஒவ்வொரு பைட்டும் தனக்குரிய இடத்தில் போய் உட்காரவும் வேண்டும்.

அந்த இடக்கணக்கு தவறினால் என்ன ஆகும்? 1366 புள்ளிகள் கொண்ட ஒரு வரிசைக்கு 5464 பைட்டுகள். ஆனால் ஒரு வரிசையின் நீளம் 64-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது பல கிராபிக்ஸ் சில்லுகளின் விதி. 5464, 64-ஆல் மீதியின்றி வகுபடாது. அடுத்த மடங்கு 5504. எனவே ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 40 பைட்டுகள் வெற்றிடமாக விடப்படுகின்றன. எழுதும் பகுதி 5464 என்றும் படிக்கும் பகுதி 5504 என்றும் கணக்கு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரிசையும் 10 புள்ளிகள் தள்ளிப்போகும். இரண்டாவது வரிசையில் 10, மூன்றாவதில் 20, நான்காவதில் 30. படம் முழுவதும் சாய்ந்துவிடும். ஐந்தாவது மேசையில் எழுத்துகள் சாய்ந்து கிடந்ததற்கு இத்தகைய கணக்குப் பிழை காரணமாக இருக்கலாம்.

நிறங்களும் அப்படித்தான். ஒரு புள்ளியின் 4 பைட்டுகளில் சிவப்புக்கும் நீலத்திற்கும் உரிய இடங்களை டிரைவர் மாற்றிப் படித்துவிட்டால், தேசியக்கொடிப் படத்தில் காவி நீலமாகத் தெரியும். வெள்ளை அப்படியே இருக்கும். பச்சையிலும் பெரிய மாற்றம் தெரியாது. திரையே கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. குழப்பத்திற்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தால் மென்பொருள் மீது சந்தேகம் கொள்ளலாம்.

முதல் மூன்று சோதனைகள்

கணினியைத் திறப்பதற்கு முன்பும், எதையும் அழித்து மீண்டும் நிறுவுவதற்கு முன்பும் மூன்று எளிய சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, கணினியை இயக்கியவுடன் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும் கணத்தைக் கவனியுங்கள். அப்போது இயக்க அமைப்பு இன்னும் தொடங்கவே இல்லை. அந்தச் சின்னமே கோடுகளோடு வந்தால் கம்பி, திரை, நினைவகம், கிராபிக்ஸ் சில்லு ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். சின்னம் தெளிவாக வந்து, அதன்பின் இயக்க அமைப்பு ஏறும்போது மட்டும் திரை கலங்கினால் டிரைவரைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, வேறொரு திரையையோ ஒளிப்படக்காட்டியையோ அதே கணினியுடன் இணையுங்கள். வெளித்திரையிலும் அதே கலக்கம் தெரிந்தால் கோளாறு கணினியின் உள்ளே இருக்கிறது. வெளித்திரை தெளிவாக இருந்து மடிக்கணினியின் சொந்தத் திரை மட்டும் கலங்கினால் அந்தத் திரை, அதன் கம்பி, அல்லது அந்தத் திரைக்கென டிரைவர் வைத்திருக்கும் அமைப்புகள் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, கலங்கிய திரையை ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையால் படமெடுத்துச் சேமியுங்கள். அதே திரையைக் கைப்பேசியிலும் புகைப்படம் எடுங்கள். சேமித்த படத்தை வேறொரு நல்ல கணினியில் திறந்து பாருங்கள். அந்தப் படத்திலும் கலக்கம் இருந்தால், நினைவகத்தில் வரையும்போதே தவறு நிகழ்ந்துவிட்டது. படம் தெளிவாக இருந்து கைப்பேசிப் புகைப்படத்தில் மட்டும் கலக்கம் இருந்தால், வரைந்தது சரி; அதைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வழியில்தான் தவறு. ஒரே விசையால் கோளாறு இருக்கக்கூடிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

நான்காவது சோதனை: பழைய கெர்னல்

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை உடனே நீக்கிவிடுவதில்லை. முந்தைய பதிப்பு ஒன்றையாவது வைத்திருக்கின்றன. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. நேற்று எப்படி இருந்தது என்பதை இன்றும் இயக்கிப் பார்க்க முடிகிறது.

கணினி தொடங்கும்போது ‘கிரப்’ என்ற தேர்வுப் பட்டியல் வரும். அது தானாக வராவிட்டால் பழைய வகைக் கணினிகளில் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடியுங்கள். புதிய வகையில், தயாரிப்பாளரின் சின்னம் மறைந்ததும் ‘எஸ்கேப்’ விசையைத் தட்டுங்கள். பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் சென்றால் நிறுவப்பட்டுள்ள கெர்னல்கள் எண்களோடு தெரியும். மேலே உள்ளது புதியது. அதற்கு முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள்.

திரை தெளிவாக வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது: கோளாறு புதிய கெர்னலைச் சார்ந்தது. வன்பொருள் நலமாக இருக்கிறது. மாணவர்கள் அன்றைய வேலையைத் தொடரலாம். பழைய கெர்னலிலும் அதே கலக்கம் என்றால், அதே நாளில் வேறு ஏதேனும் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் நூலகமான ‘மெசா’, சில்லுக்குள் ஏற்றப்படும் ‘ஃபர்ம்வேர்’ ஆகியவை கெர்னலோடு ஒரே நாளில் மாறியிருக்கக்கூடும். அவையும் மாறவில்லை என்றால் வன்பொருளுக்குத் திரும்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கம்பியையும் மாற்றி, கெர்னலையும் மாற்றி, அமைப்பு ஒன்றையும் திருத்தியபின் திரை சரியானால், எதனால் சரியானது என்று நமக்குத் தெரியாது. அடுத்த கணினியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கச் சொல்கிறோமே, அதேதான் இது.

திரையே வராவிட்டால்

சில வேளைகளில் கலக்கம் அதிகமாகி எதையும் படிக்க முடியாது. பழைய கெர்னலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உதவுவது ‘நோமோட்செட்’ என்ற சொல். கிரப் பட்டியலில் கெர்னலின் மீது நின்று ஆங்கில ‘ஈ’ எழுத்து விசையை அழுத்தினால் அதன் கட்டளை வரிகள் திறக்கும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு இந்தச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து, ‘எஃப் 10’ விசையை அழுத்துங்கள்.

இந்தச் சொல் என்ன செய்கிறது? திரையின் அளவு, புதுப்பிக்கும் வேகம் ஆகியவற்றைக் கெர்னலே அமைக்கும் முறை, 2009-இல் வெளியான 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளுக்காக முதலில் வந்தது. அதற்கு முன் அந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியே இருந்த மென்பொருள் செய்தது. ‘நோமோட்செட்’ என்பது “திரை அமைக்கும் வேலையை நீ எடுத்துக்கொள்ளாதே” என்று கெர்னலுக்குச் சொல்வது. கணினி தொடங்கும்போது இருந்த அடிப்படைத் திரை அமைப்பே தொடரும். படம் பெரிதாகவும் இயக்கம் மெதுவாகவும் இருக்கும். ஆனால் படிக்கும்படி இருக்கும். இது மருந்து அன்று, காய்ச்சல்மானி. இதைச் சேர்த்தவுடன் திரை தெளிந்தால் கிராபிக்ஸ் டிரைவரில்தான் கோளாறு என்று உறுதியாகிறது. இப்படிச் சேர்த்தது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. அடுத்த முறை இயக்கும்போது பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால் அச்சமின்றிச் செய்து பார்க்கலாம்.

கெர்னல் எழுதும் நாட்குறிப்பு

கெர்னல் தான் செய்வதையும் தனக்கு நேர்ந்த இடர்களையும் வரி வரியாகக் குறித்துவைக்கிறது. கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். முனையத்தைத் திறந்து ‘யூநேம் -ஆர்’ என்று இட்டால் இப்போது இயங்கும் கெர்னலின் எண் வரும். ‘எல்எஸ்பிசிஐ -கே’ என்று இட்டால் எந்தச் சில்லுக்கு எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று தெரியும். ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ என்று இட்டால் இதற்கு முந்தைய முறை, அதாவது திரை கலங்கியபோது, கெர்னல் எழுதிய குறிப்புகள் வரும்.

நூற்றுக்கணக்கான வரிகள் வருமே என்று மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. இன்டெல் சில்லு என்றால் ‘ஐ915’, ஏஎம்டி என்றால் ‘ஏஎம்டிஜிபியு’, என்விடியா என்றால் ‘நூவோ’ அல்லது ‘என்விடியா’ என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் தேடுங்கள். நல்ல கெர்னலில் இயக்கியபோது வந்த வரிகளையும் கலங்கியபோது வந்த வரிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருக்கும் வரிகளை விட்டுவிடலாம். கலங்கியபோது மட்டும் வந்த வரிதான் நமக்கு வேண்டிய தடயம்.

அடிக்கடி காணக்கூடிய மூன்று தடயங்கள்:

‘அண்டர்ரன்’ என்ற சொல் வந்தால், திரைக்குப் போக வேண்டிய தரவு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறும் வேகத்தைவிடக் குழாயில் இறங்கும் வேகம் அதிகமானால் தொட்டி வறண்டுவிடும் அல்லவா? அதுபோல, திரை கேட்கும் வேகத்திற்கு நினைவகத்திலிருந்து தரவு வராவிட்டால் திரை துடிக்கும், கோடுகள் விழும்.

திரை இடையிடையே உறைந்து, பழைய படத்தையே காட்டினால் ‘பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்’ என்ற மின்சேமிப்பு வசதியைச் சோதிக்கலாம். படம் மாறாதபோது, திரை தன்னிடமுள்ள நகலையே காட்டிக்கொண்டிருக்க, கிராபிக்ஸ் சில்லு ஓய்வெடுக்கும் ஏற்பாடு இது. இன்டெல் டிரைவரில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ என்று கிரப் வரியில் சேர்த்தால் இந்த வசதி நின்றுவிடும். சேர்த்தவுடன் திரை சீரானால் காரணம் தெரிந்துவிட்டது.

என்விடியா நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் பயன்படுத்தும் கணினிகளின் நிலை வேறு. அந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் பொருந்தும்படி அது அமைய வேண்டும். ‘டிகேஎம்எஸ்’ என்ற ஏற்பாடு இருந்தால், அது இந்த வேலையைத் தானாகச் செய்ய முயலும். கெர்னலின் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, கணினியின் ‘செக்யூர் பூட்’ பாதுகாப்பு அந்த டிரைவரை ஏற்க மறுத்தாலோ திரை கருமையாகவோ மங்கிய பெரிய எழுத்துகளுடனோ வரும். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை, எந்தக் கெர்னலுக்கு டிரைவர் தயாராகியுள்ளது என்பதைக் காட்டிவிடும்.

2022-இல் நடந்தது

இந்த முறை உலகளவில் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 28 அன்று லினக்ஸ் கெர்னலின் 5.19.12 பதிப்பு வெளியானது. நிலையான வரிசையில் வந்த சிறிய பதிப்பு. பெரிய மாற்றம் எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இன்டெல் கிராபிக்ஸ் உள்ள சில மடிக்கணினிகளில் திரை வெள்ளை வெளேரென்று மின்னி மின்னித் துடித்தது. பயனர்கள் 5.19.11-க்குத் திரும்பியதும் திரை அமைதியானது. இவ்வாறு எந்தப் பதிப்பு வரை சரி, எந்தப் பதிப்பில் தவறு என்பது தெளிவாயிற்று.

பதிவுக் குறிப்புகளை ஆராய்ந்த இன்டெல் பொறியாளர் காரணத்தைச் சுட்டிக்காட்டினார். மடிக்கணினித் திரைக்கு மின்சாரம், படச் சைகை, பின்னொளி மூன்றும் ஒரு வரிசைப்படி வர வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இத்தனை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் காத்திருப்பு நேரங்கள் இந்தப் பதிப்பில் தவறான எண்களாகிவிட்டன. இப்படியே இயக்கினால் திரைக்கே தீங்கு நேரலாம் என்பதால் அந்தப் பதிப்பை அத்தகைய மடிக்கணினிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டது. காரணமான மாற்றங்களைத் திரும்பப் பெற்று, நிலையான வரிசையைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அக்டோபர் 4 அன்று 5.19.13 பதிப்பை வெளியிட்டார். இடையில் ஆறு நாட்கள்தான்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பொதுவாக மென்பொருள் பிழை வன்பொருளைக் கெடுப்பதில்லை. ஆனாலும் விதிவிலக்கு உண்டு. திரை கடுமையாக மின்னித் துடித்தால் “என்னதான் ஆகிறது பார்ப்போம்” என்று நெடுநேரம் ஓடவிடாமல் உடனே அணைத்துவிட்டுப் பழைய கெர்னலில் இயக்குங்கள். இரண்டு, “திரை சரியில்லை” என்று மட்டும் சொன்ன பயனர்களால் இந்தப் பிழை பிடிபட்டிருக்காது. “இந்த எண்ணில் சரி, இந்த எண்ணில் தவறு, இதோ பதிவுக் குறிப்பு” என்று சொன்னதால்தான் ஆறு நாட்களில் தீர்வு வந்தது.

பாதி பாதியாகத் தேடுதல்

கெர்னலின் ஒரு பெரிய பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அவற்றுள் எது திரையைக் கலக்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆண்டுகள் ஆகும். கெர்னல் உருவாக்குநர்கள் நடுவில் உள்ள மாற்றம் வரை சேர்த்து ஒரு கெர்னலைத் தயாரித்துச் சோதிக்கிறார்கள். அது நன்றாக இருந்தால் பிழை பின்பாதியில், கலங்கினால் முன்பாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குகிறார்கள். 1024 மாற்றங்கள் என்றால் 10 சோதனைகள். 16,384 மாற்றங்கள் என்றாலும் 14 சோதனைகள்தான். இதற்கென ‘கிட் பைசெக்ட்’ என்ற கருவியே இருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் நாம் கெர்னலைத் தயாரிக்கப் போவதில்லை. ஆனால் இந்தச் சிந்தனையை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை ஒரு மாணவி மனத்தில் நினைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் “500-ஐவிடப் பெரியதா?” என்பது போன்ற கேள்விகளை மட்டும் கேட்டுப் பத்துக் கேள்விகளுக்குள் கண்டுபிடிக்கட்டும். ஆறாம் வகுப்பு மாணவர்களே இதை இரண்டு சுற்றுகளில் பிடித்துக்கொள்வார்கள்.

படம் சாய்வதற்கும் ஒரு செயல்பாடு இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் வரிசைக்கு 8 கட்டங்களாக 6 வரிசைகள் எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாவது கட்டத்தை நிழலிடச் சொல்லுங்கள். நேரான செங்குத்துக் கோடு வரும். இப்போது அதே 48 கட்டங்களை அதே வரிசை முறையில், ஆனால் வரிசைக்கு 9 கட்டங்களாக, வேறொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கோடு இடப்பக்கம் சாய்ந்து, விளிம்பில் மறைந்து, வலப்பக்கத்திலிருந்து மீண்டும் இறங்கும். தரவு ஒன்றுகூட மாறவில்லை. படிக்கும் கணக்குதான் மாறியது. திரை கலங்கிய கணினி முன்னால் பயந்து நின்ற மாணவர்களிடம் இந்தத் தாளைக் காட்டினால் பயம் போய் ஆர்வம் வந்துவிடும்.

ஆய்வகத்திற்குச் சில வழக்கங்கள்

எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் புதுப்பிக்காதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் புதுப்பித்து, இரண்டு மூன்று நாட்கள் வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள். பிறகு மற்றவற்றைச் செய்யுங்கள்.

தேர்வு, இணையவழி மதிப்பீடு ஆகியவற்றுக்கு முந்தைய வாரத்தில் புதுப்பித்தலைத் தவிருங்கள்.

பழைய கெர்னலை நீக்கி இடம் மிச்சப்படுத்த வேண்டாம். நன்றாக இயங்கிய ஒன்றாவது எப்போதும் இருக்கட்டும்.

உபுண்டு போன்ற தொகுப்புகளில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அவற்றிலேயே, புதிய வன்பொருளுக்காக அவ்வப்போது மாறும் கெர்னல் வரிசை ஒன்றும், தொடக்கம் முதல் மாறாத கெர்னல் வரிசை ஒன்றும் உண்டு. பழைய கணினிகள் உள்ள ஆய்வகத்திற்குப் பெரும்பாலும் மாறாத வரிசையே போதும்.

கோளாறு உள்ள கெர்னலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அதற்காகப் புதுப்பித்தலை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. புதுப்பித்தல்களோடுதான் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. அடுத்த பதிப்பு வந்ததும் ஒரு கணினியில் மீண்டும் சோதியுங்கள்.

பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள கணினி என்றால் திறக்க வேண்டாம். ஆனால் புகார் எழுதும்போது ‘திரை வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், செய்த சோதனைகளையும் முடிவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

இவை அனைத்திற்கும் அடிப்படை ஒரு நாற்பது பக்க நோட்டு. நாள், கணினி எண், கெர்னல் எண், அறிகுறி, செய்த சோதனை, கண்ட முடிவு என ஆறு பத்திகள். இதை எழுதும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் நடக்கிறது. அன்று ஐந்தாவது, எட்டாவது மேசைக் கணினிகள் இரண்டும் வெள்ளிக்கிழமை புதுப்பிக்கப்பட்டவை, மற்றவை புதுப்பிக்கப்படவில்லை என்பதை எனக்குச் சொன்னது அந்த நோட்டுதான். இரண்டையும் பழைய கெர்னலில் இயக்கினோம். பாடவேளை முடிவதற்குள் மாணவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிழையைத் தேடும் இந்தப் பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதில்லை. 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகலாம். ஆனால் உற்றுப் பார்த்தால், அந்தக் குழந்தை ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7-லிருந்து 2 போக 5, 5-லிருந்து 2 போக 3. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் குழந்தைகளின் இத்தகைய கணக்குப் பிழைகளை, கணினி நிரல்களின் பிழைகளுக்கு வழங்கும் அதே ‘பக்’ என்ற சொல்லால் அழைத்து ஆராய்ந்தார்கள். அந்தப் பிழைகளில் பலவற்றுக்குள் ஓர் ஒழுங்கான விதி இருப்பதைக் காட்டினார்கள். சாய்ந்த படத்திற்குள் பத்துப் புள்ளி நகர்வு இருப்பது போல.

அந்தக் குழந்தையிடமும் நாம் கேட்க வேண்டியது அதே கேள்விதான். 58-லிருந்து 27-ஐக் கழிக்கும்போது சரியாக வந்ததா? வந்தது. கடன் வாங்க வேண்டிய கணக்கில் தவறியதா? தவறியது. அப்படியானால் எது வரை சரி, எங்கிருந்து தவறு என்பது தெரிந்துவிட்டது. கற்பிக்க வேண்டியது அந்த ஒரு படிநிலையைத்தான். இருப்பறையில் ஓராண்டு கிடந்த அந்தக் கணினி எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: ‘பழுது’ என்று தாள் ஒட்டுவதற்கு முன், கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்று கேட்டுவிட வேண்டும்.